மின்மானியும் வீட்டாரின் மீதான நல்லெண்ணமும்

 

மின்சாரப் பட்டியல் கைக்கு வரும் நாளில் உங்கள் வீட்டில் எழும் கேள்வி எது? "எவ்வளவு?" என்பதை அடுத்து, "யாரால்?" என்பதுதானே! 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்து, அவ்வாண்டு ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டண உயர்வுகளைக் கண்டவர்கள் நாம். அந்தக் கோபம் விளங்காததன்று. ஆயினும், வீண்விரயத்தைக் கண்டிக்கும் ஸூரா அல்அஃராபின் 31ஆம் வசனத்தை வீட்டாருக்கு நினைவூட்டும் நாம், ஆதாரமற்ற சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒருசேரத் தடுக்கும் ஸூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தை அவ்வேளையில் மறந்துவிடுகின்றோம்.

நானறிந்த ஒரு வீட்டில் பட்டியல் உயர்ந்தபோது பழி மருமகள் மீது விழுந்தது. ஆசிரியையான அவர் காலைதோறும் தமது அபாயாவை மின்னழுத்தியால் அழுத்துவார். மாமி அதனை அயல் வீடுகளிலும் கூறிவிட்டார். மகனோ எவரிடமும் வாதிடவில்லை. ஓரிரவு விளக்குகளையும் மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டு (அந்தப் புழுக்கத்தில் அவர் உறங்கினாரோ என்னவோ!) 10 மணிக்கு மானியின் இலக்கத்தைக் குறித்தார், ஸுபஹுக்கு எழுந்து 5 மணிக்கு மீண்டும் குறித்தார். ஒன்றரை அலகு ஓடியிருந்தது! அவ்வேளை இயங்கியது குளிர்சாதனப் பெட்டி மட்டுமே. அதன் கதவு இறப்பர் தேய்ந்து, குளிர் வெளியேற, இயந்திரம் ஓயாது ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 1000 வாட் கருவி ஒரு மணிநேரம் இயங்கினால் ஓர் அலகு. அத்தகைய மின்னழுத்தியை நாளுக்குக் கால்மணி நேரம் பாவித்தால், 30 நாட்களுக்குக் கூடியது ஏழரை அலகுகள். அந்தக் குளிர்சாதனப் பெட்டியோ 7 மணிநேரத்தில் ஒன்றரை அலகு என்ற வீதத்தில் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 150 அலகுகளை விழுங்கியது. நமது வீட்டுக் கட்டண முறையில் மாதப் பாவனை 60 அலகுகளைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு வீதம் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

இறப்பர் மாற்றப்பட்டது. மாமி மருமகளிடம் மன்னிப்பும் கேட்டார். ஆனால், அயலாரிடம் சொன்ன வார்த்தைகளை வீடு வீடாகச் சென்று திரும்பப் பெறுவது எங்ஙனம்?

இப்போது ஸ்மார்ட் மீட்டர் எனப்படும் மானிகள் நம் நாட்டிலும் சில பகுதிகளில் பொருத்தப்படுகின்றன. மாதமொருமுறை என்றில்லாமல், கால்மணி அல்லது அரைமணிக்கு ஒருமுறை பாவனையைப் பதிவுசெய்ய அவற்றால் இயலும். அதனைக் கைத்தொலைபேசியில் காட்டும் சிறு கருவிகளும் கடைகளுக்கு வந்துவிட்டன. நல்ல வசதிதான். ஆனால் வளைகுடாவில் தொழில் புரியும் சகோதரரே! இங்கே இரவு ஒரு மணிக்குப் பாவனை உயர்ந்ததைக் கண்டவுடன், "அந்நேரத்தில் விழித்திருந்தது யார்?" என மனைவியை விசாரிக்கப் புறப்படாதீர்கள். பிள்ளைக்குப் பால்மா கரைக்க வெந்நீர் வைத்திருப்பார். உங்கள் தாயார் தஹஜ்ஜுதுக்கு எழுந்திருப்பார். அதை அந்தக் கருவி சொல்லாது. கசிவைக் கண்டறிய வாங்கியதைக் குடும்பத்தை வேவு பார்க்கப் பாவிப்பது, நான் குறிப்பிட்ட அதே வசனம் தடுத்த செயலாகும்.

புதிய மானி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும். பழைய சுழல்தட்டு மானியில் வேறு நிறத்திலுள்ள கடைசி இலக்கம் பெரும்பாலும் அலகின் பத்திலொரு பங்கைக் காட்டும். உறங்குமுன் விளக்குகளை அணைக்குமாறு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பணித்துள்ளார்கள். இன்றிரவு அவ்வாறு அணைத்தபின் மானியை ஒருமுறை பாருங்கள். ஸுபஹுக்குப் பின் மறுமுறை பாருங்கள். கொப்பியை எல்லோரும் காணக்கூடிய இடத்தில் வையுங்கள். அடுத்த பட்டியல் வரும்போது அதை முதலில் திறவுங்கள்.