இலையா? மொய்யா? வட்டியா?

(திருவண்ணாமலைப் பட்டிமன்றம். தலைப்பு: ‘சீனாவின் உதவி ஏழை நாடுகளுக்கு ஏணியா? தூண்டிலா?’ ‘தூண்டிலே!’ என்ற அணியில் பேசியது.)



எதிரணி அண்ணன் ‘ஏணி, ஏணி’ன்னு ஏறிக்கிட்டே போனாரு. நடுவுல வட்டின்னு ஒரு படி இருக்கே, அதை மட்டும் தாண்டிக் குதிச்சிட்டாரு! (சிரிப்பு)

ஐயா, கொடுக்கிறதுல மூணு விதம் உண்டு. பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் வர்றவங்களுக்கு வழியில சோறு போடுறாங்க. ‘எப்பத் திருப்பித் தருவே?’ன்னு யாராவது கேட்கிறாங்களா? அது தானம். ரெண்டாவது மொய். இன்னிக்கு நீ வை, நாளைக்கு நான் வைக்கிறேன். மூணாவது வட்டிக் கடன். மூணுக்கும் கையைத்தான் நீட்டுறோம். ஆனா மூணும் ஒண்ணா?

நம்ம பக்கத்து வீடு இலங்கை. அந்த நாட்டுக்குச் சீனா இந்த மூணையும் செஞ்சிருக்கு.

1952. இலங்கையில அரிசித் தட்டுப்பாடு. சீனாவுக்கு ரப்பர் கிடைக்கல. கொரியப் போரால தடை. ‘நீ ரப்பர் கொடு, நான் அரிசி கொடுக்கிறேன்’னு ஒப்பந்தம் போட்டாங்க. இரண்டு நாட்டுக்கும் நடுவே தூதரக உறவுகூட அப்போ கிடையாது, அது 1957-லதான் வந்தது. ஆரணி அரிசி பேர் வாங்கின மாவட்டம் இது. பசிக்கு வந்த அரிசியோட அருமையை உங்களுக்கு நான் சொல்லணுமா? அது மொய். ரெண்டு வீடும் நல்லா இருந்தது.

1973. கொழும்பில பண்டாரநாயக்கா நினைவு சர்வதேச மாநாட்டு மண்டபத்தைச் சீனா அன்பளிப்பாவே கட்டிக் கொடுத்தது. 1976-ல அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு அங்கேதான் நடந்தது. அது இலை போட்ட சோறு. யாரும் குறை சொல்லல.

இப்ப மூணாவதுக்கு வர்றேன். அம்பாந்தோட்டைத் துறைமுகம். முதல் கட்டத்துக்குச் சீன எக்சிம் வங்கி கொடுத்தது சுமார் 30 கோடி டாலர். வட்டி 6.3 சதவீதம்! நம்ம சென்னை மெட்ரோவுக்கு ஜப்பான் கொடுத்ததும் கடன்தான். ஆனா வட்டி இதுல பக்கத்துலகூட வராது. 2010-ல துறைமுகம் திறந்தாங்க. எதிர்பார்த்த கப்பல் வரல. 2013-ல பக்கத்திலேயே மத்தளவில விமான நிலையம். அதுவும் பெரும்பாலும் சீனக் கடன். விமானம் வராம, கொஞ்ச நாள் அங்கே நெல் மூட்டை அடுக்கி வச்சாங்க! (சிரிப்பு)

2017-ல அந்தத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்துக்குப் போச்சு. கிடைச்சது 112 கோடி டாலர். ‘அப்ப கடன் தீர்ந்திருக்குமே’ன்னு நினைப்பீங்க. தீரல ஐயா! அந்தப் பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போச்சு. துறைமுகக் கடனோட தவணை அரசாங்கத்தின் தலைமேலேயே நின்னது.

எதிரணி அண்ணன் ரெண்டு நியாயம் சொன்னாரு. நுரைச்சோலை அனல்மின் நிலையம், 900 மெகாவாட், அதுவும் சீனக் கடன், விளக்கு எரியுதேன்னாரு. எரியுது, ஒத்துக்கிறேன். 2022-ல இலங்கை நொடிச்சதுக்குச் சீனா மட்டுமா காரணம்னாரு. அதுவும் சரி. வெளிக்கடன்ல சீனாவோட பங்கு சுமாரா ஐந்தில் ஒண்ணுதான். சந்தையில வித்த கடன்பத்திரம் அதைவிட அதிகம்.

அப்புறம் எதைத் தூண்டில்னு சொல்றேன்? மொய் வச்சா என்ன பண்றோம்? மைக்குல சொல்றோம்! ‘தாய்மாமன் மொய் ஆயிரத்து ஒண்ணு!’ ஊருக்கே தெரியும். சீன வங்கிகளோட நூறு கடன் ஒப்பந்தங்களை ஆராய்ஞ்சு 2021-ல ஓர் ஆய்வு வந்தது. வெளியே சொல்லக் கூடாதுங்கிற விதி அதுல ஏராளம். வட்டி என்ன, அடமானம் என்ன, கட்டப்போற ஜனத்துக்கே தெரியாது! கடனை ‘உதவி’ன்னு சொல்றாங்க பாருங்க, அந்தச் சொல்தான் புழு. மறைச்ச கணக்குதான் முள். (கைதட்டல்)

கிரிவலப் பாதையில குபேர லிங்கம் இருக்கு. அந்தக் குபேரன்கிட்ட கடன் வாங்கித்தான் திருப்பதிப் பெருமாளே கல்யாணம் பண்ணினாராம். இன்னிக்கும் வட்டி கட்டுறாராம். யார் காசுல? நம்ம உண்டியல் காசுல! (சிரிப்பு) கடவுள் வாங்கின கடனைப் பக்தன் விரும்பிக் கட்டுவான். ஆள்றவன் கையெழுத்துப் போட்ட கடனை ஜனம் அழுதுகிட்டே கட்டுது.

2022 ஏப்ரல்ல இலங்கை வெளிக்கடன் கட்ட முடியாதுன்னு அறிவிச்சது. எரிவாயு உருளைக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. அந்த மே மாதம் சென்னைத் துறைமுகத்திலேருந்து தமிழ்நாடு முதல் கப்பலை அனுப்பிச்சது: 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், அத்தியாவசிய மருந்துகள். அதுக்கு வட்டி கிடையாது, தவணை கிடையாது.

சீனா கொடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. கொடுக்கட்டும். தானம்னா தானம்னு சொல்லு. கடன்னா வட்டியை மைக்குல சொல்லு. சொல்லாத வரைக்கும் அது ஏணி இல்லை நடுவர் அவர்களே, தூண்டிலே! தூண்டிலே! என்று கூறி விடைபெறுகிறேன்.