ஊருக்குப் பொதுவானவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

“ஊராட்சியும் கட்சி வேற்றுமையும்” என்ற பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் பணித்திருக்கிறார்கள். ஆண்டு விழாவில் இலக்கியம் பேசலாம், இசை பேசலாம். சாக்கடையும் குடிநீரும் விழாப் பேச்சுக்கு ஏற்றவைதாமா என்று சிலர் எண்ணக்கூடும். அன்றாடம் நாம் வாழும் வாழ்வைப் பற்றி ஆண்டுக்கு ஒரு நாளாவது கூடிச் சிந்திப்பது தவறாகாது என்றே நான் கருதுகிறேன்.

நம் கோர்படியையே எடுத்துக்கொள்வோம். ஒரு பகுதி கன்டோன்மென்ட் போர்டைச் சேர்ந்தது. மற்றொரு பகுதி புனே மாநகராட்சியைச் சேர்ந்தது. சோலாப்பூருக்கும் மீரஜுக்கும் பிரிந்து செல்லும் இருப்புப்பாதைகள் ரயில்வேயின் உடைமை. இடையிடையே இராணுவத்தின் நிலங்கள். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது அதன் முன் நிற்பவர்களில் காங்கிரஸ்காரர் உண்டு, பாரதீய ஜனதாக் கட்சிக்காரர் உண்டு, எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவரும் உண்டு. கேட் எல்லோருக்கும் ஒன்றாகவே மூடுகிறது, ஒன்றாகவே திறக்கிறது. அந்த இடத்தில் ஒரு மேம்பாலம் வேண்டுமென்றால் மாநகராட்சியும் ரயில்வேயும் இராணுவ இலாகாவும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தாக வேண்டும். அவர்களை அமரச் செய்பவர் யார்? அங்கேதான் ஊராட்சித் தலைவரின் திறமை தெரிகிறது.

ஊர்ச் சபை என்பது நமக்குப் புதியதன்று. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றை அமைத்த விதம் அவற்றில் கூறப்பட்டுள்ளது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்றும் விதித்திருக்கிறார்கள். அந்த முறையில் எல்லா மக்களுக்கும் இடம் இருந்ததில்லை. சொத்தும் வேதக் கல்வியும் உடையவர்க்கே இடம் இருந்தது. எனினும் ஒரு கருத்து அங்கே தெளிவாக நிற்கிறது. ஏரியைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் ஊர் முழுவதற்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இக்கருத்து நம் காலத்துக்கு அண்மையில் எவ்வாறு நடைமுறையில் விளங்கிற்று என்பதற்குச் சென்னை மாநகரின் வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூற விரும்புகிறேன்.

1939-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியரின் சம்மதம் கேளாமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து, மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் இராஜினாமாச் செய்தன. சென்னையில் கவர்னரின் நேரடி ஆட்சி ஏற்பட்டது. அந்தச் சமயத்தில் சென்னை மாநகரின் மேயராக வந்தவர், அந்தக் காங்கிரஸின் பெருந்தலைவர்களுள் ஒருவரான தீரர் சத்தியமூர்த்தி. அவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவருடைய கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறிவிட்டது. ஆனால் அவர் பொறுப்பேற்ற நகரத்துக்கோ தண்ணீர் போதவில்லை. 1872 முதல் செங்குன்றம் ஏரியை நம்பி வாழ்ந்த பட்டணம், ஆளும் வீடும் பெருகி, அந்த ஏரிக்கு மிஞ்சி வளர்ந்துவிட்டது. கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டினால் நீர் கிடைக்கும். அதற்கு அனுமதியும் பணமும் வேண்டும். அவை இருந்த இடமோ, அவர் மேடைதோறும் எதிர்த்துப் பேசிய அரசாங்கத்தின் கையில்!

அவர் என்ன செய்திருக்கலாம்? “அந்நிய அரசாங்கத்தின் வாயிலை மிதிக்கமாட்டேன்” என்று கூறியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், தண்ணீர் கிடைத்திராது. சத்தியமூர்த்தி நகரத்துக்காக அந்த வாயிலுக்குச் சென்றார். கவர்னர் சர் ஆர்தர் ஹோப்பும், தம் ஆட்சியை எதிர்ப்பவர் கொண்டுவந்த திட்டம் என்று அதைத் தள்ளிவிடவில்லை. 1940 ஆகஸ்டு மாதத்தில் பூண்டியில் அடிக்கல் நாட்டப்பட்டது. போர்க்காலத்தின் நெருக்கடிகளுக்கிடையே வேலை நடந்து, 1944 ஜூன் மாதத்தில் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் ஒரு கேள்வி எழுப்பலாம். “இப்படி ஒத்துழைப்பது கொள்கையை விட்டுக்கொடுப்பதாகாதா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு விடை சத்தியமூர்த்தியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1942-இல் “வெள்ளையனே வெளியேறு” இயக்கம் எழுந்தபோது அவர் ஒதுங்கி நிற்கவில்லை. அதே அரசாங்கம் அவரைக் கைது செய்து, தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டு சென்றது. உடல்நலம் சிதைந்து, 1943 மார்ச் 28-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். தாம் வேண்டிப் பெற்ற நீர்த்தேக்கம் நிறைந்ததை அவர் கண்ணாரக் காணவில்லை. இன்று அது சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்காமலே, ஊரின் தேவைக்காக எதிராளியோடு ஒரே காரியத்தில் ஈடுபட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னோர் இணையையும் நினைவூட்ட விரும்புகிறேன். முதல் உலகப் போர் முடிவுற்ற காலத்தையொட்டிச் சேலம் நகராண்மைக் கழகத்தின் தலைவராக இராஜாஜியும், ஈரோடு நகராண்மைக் கழகத்தின் தலைவராகப் பெரியார் ஈ.வெ.ரா.வும் இருந்தார்கள். ஈரோட்டு மக்களுக்குக் குழாய்வழிக் குடிநீர் கிடைக்கப் பெரியார் பாடுபட்டார். இருவரும் நண்பர்கள். பின்னாளில் அவர்கள் பாதைகள் எவ்வளவு தூரம் விலகின என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1938-இல் இராஜாஜி பிரதம மந்திரியாக இருக்கும்போதே, இந்தி எதிர்ப்புப் போரில் பெரியார் சிறை புகுந்தார். கடவுள், சாதி, மொழி ஆகியவற்றைப் பற்றிய கருத்துக்களில் இருவரும் இரு துருவங்கள். ஆயினும் 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, முதுமையால் தளர்ந்திருந்த பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார். கருத்துப் பகை மனிதப் பகையாக முதிர வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி நம் புனேக்கு வருவோம். மிதவாதிகளின் தலைவர் கோகலேயும் தீவிரவாதிகளின் தலைவர் திலகரும் வாழ்ந்த நகரம் இது. 1907-இல் சூரத்தில் காங்கிரஸே இரண்டாகப் பிளந்தபோது எதிரெதிர் அணியில் நின்ற இவ்விருவரும், அதற்கு முன் வெவ்வேறு காலங்களில் பூனா நகரசபையில் பணி புரிந்தவர்களே. நாடு போற்றிய தலைவர்களுக்கு நகரசபைப் பணி சிறியதாகத் தோன்றவில்லை.

1961 ஜூலை 12-ஆம் நாளை இங்குள்ள முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பான்ஷேத் அணை உடைந்தது. அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. முட்டா நதியோரப் பேட்டைகள் நீரில் மூழ்கின. அணையைக் காக்க முன்னிரவெல்லாம் இராணுவ வீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கிப் போராடியதால், உடைப்பு இருளில் நேராமல் பகலில் நேர்ந்தது; பல உயிர்கள் தப்பின. சம்யுக்த மகாராஷ்டிரக் கிளர்ச்சியின் சூடு இன்னும் ஆறாத காலம் அது. எனினும் வெள்ளம் எவருடைய கொடியையும் பார்த்து வீட்டுக்குள் நுழையவில்லை. கஞ்சி ஊற்றியவரும், சேறு வாரியவரும், தங்க இடம் கொடுத்தவரும் கொடியைப் பார்க்கவில்லை.

அன்பர்களே! துன்பம் வரும்போது நாம் ஒன்றுபடுகிறோம், அது எளிது. துன்பம் இல்லாத சாதாரண நாளில் ஒன்றுபடுவதே அரிது. 2022 மார்ச்சில் புனே மாநகராட்சியின் ஆயுட்காலம் முடிந்தபின், மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லாமல், அதிகாரியே நிர்வாகியாக இருந்து ஆட்சி நடத்தினார். குழாயில் நீர் வராவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று நாம் திகைத்தது நினைவிருக்கும். நமக்கென ஓர் உறுப்பினர் இருப்பதன் அருமை அப்போது விளங்கிற்று. அதிகாரி எவ்வளவு நல்லவராயினும், தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமையை நமக்குத் தருபவர் நம் உறுப்பினர் ஒருவரே.

ஆகவே உறுப்பினரிடம் நாம் கேட்க வேண்டுவது இரண்டு. வாக்களித்தவர் தெருவுக்கும் வாக்களிக்காதவர் தெருவுக்கும் ஒரே விளக்குப் போட வேண்டும். எதிர்க்கட்சி உறுப்பினர் நல்ல திட்டம் கொண்டுவந்தால், பெயர் யாருக்குப் போகும் என்று பாராமல் கை தூக்க வேண்டும்.

அவரிடம் இவற்றைக் கேட்கும் நாம், நம்மையும் சற்றுப் பார்த்துக்கொள்வது நலம். பிழைப்பைத் தேடி, பட்டாளத்திலும் ரயில்வேயிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்க வந்த குடும்பங்கள் நாம். நம்முள் தமிழ்நாட்டின் எல்லாக் கட்சிகளும் உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிகளும் இப்போது சேர்ந்துவிட்டன. “இவர் அந்தக் கட்சி, இவரோடு மனுவில் கையெழுத்திடமாட்டேன்” என்ற பேச்சு நம் காலனிகளிலும் எழாமல் இல்லை. மனுவில் நூறு கையெழுத்து இருந்தால் அதிகாரி படிப்பார். ஐம்பது ஐம்பதாக இரண்டு மனு போனால் இரண்டையும் ஒதுக்கிவைப்பார். மராத்தி பேசும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு போனால் நம் குரல் இன்னும் உரக்கக் கேட்கும். அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டு போனால் மேலும் நன்று.

தேர்தல் நாளன்று அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள், விவாதம் செய்யுங்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம். மறுநாள் காலையில் குழாயடியில் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்கப்போகிறோம் என்பதை மட்டும் மறவாதிருங்கள்.