ரூட்டருக்குள் ஒரு வரிசை

பையன் மொபைலில் இருக்கிற வீடியோவையெல்லாம் கூகுள் டிரைவில் ஏற்றுகிறான். அதே நேரம் அம்மாவின் ஆபீஸ் மீட்டிங்கில் குரல் அறுந்து அறுந்து வருகிறது. உடனே 100 எம்பி பிளானை 200 ஆக்கிவிடுகிறோம்.

பல வீடுகளில் கோளாறு வேகத்தில் இல்லைங்க, வரிசையில் இருக்கிறது. ரேஷன் கடையில் ஒருவர் தெருவுக்கே சேர்த்து கார்டு கொண்டுவந்து முன்னால் நின்றால், ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்தவர் கதி என்ன? ரூட்டரிலும் வீடியோ முன்னால் அடைத்துக்கொள்ள, பேச்சு பின்னால் மாட்டிக்கொள்கிறது. 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து, 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார்.

2012-இல் மருந்தும் வந்தது: எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை முறை. வீடியோ, பேச்சு என ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை வைத்து, முறைவைத்து அனுப்பும். ரொம்ப நேரம் தேங்கினால் சில தரவுத் துண்டுகளைத் தள்ளிவிடும். அதை உணர்ந்து, அனுப்புகிற கருவி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில ரூட்டர்களில் இது 'எஸ்கியூஎம்' என்று இருக்கும். அதில் உங்கள் உண்மையான வேகத்தில் சுமார் 90 சதவீதத்தைப் போடுங்கள். கொஞ்சம் நஷ்டம்தான், ஆனால் வரிசை நம் கையில் இருக்கும், மோடத்தில் போய்த் தேங்காது. அந்த வசதி இல்லையென்றால், பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றிவிடுங்கள்.