பனியின் பெயர் கொண்ட பாலை



ஒரு நாட்டை அறிவதற்கு அதன் வரலாற்று நூல்களைப் படிப்பது ஒரு வழி. அந்நாட்டின் இலக்கியத்தினூடாக அதனை அணுகுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியிலே, ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் புறத்தில் உள்ள நெவாடா என்னும் பாலை மாநிலத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

நெவாடா என்றதும் லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட மண்டபங்களும் இரவைப் பகலாக்கும் மின்விளக்குகளுமே பலருக்கு நினைவுக்கு வரும். சூதாட்டம் அங்கு சட்டபூர்வமாக்கப்பட்டது 1931 இல். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. அதே ஆண்டில், ஆறு வாரம் அங்கு வசித்தவர் விவாகரத்துக் கோரலாம் என்ற சட்டமும் வந்தது. இவை இரண்டும் வருமானத்துக்காக ஒரு வறிய மாநிலம் கண்ட உபாயங்கள். நெவாடாவின் கதை இவற்றுக்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது.

நெவாடா என்பது ஸ்பானிய மொழிச் சொல். 'பனி மூடியது' என்பது அதன் பொருள். மேற்கு எல்லையிலுள்ள சியெரா நெவாடா மலைத்தொடரின் பெயரே மாநிலத்துக்கும் வாய்த்தது. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களுள் மிகக் குறைந்த மழை பெறுவது இதுவே. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்றை அந்த மலைத்தொடர் தடுத்துவிடுவதால் அதற்குக் கிழக்கேயுள்ள நிலம் வறண்டு கிடக்கிறது. அந்த நிலத்தின் பெரும்பகுதி, ஆறுகள் கடலைச் சென்றடையாத பெருவடிநிலம். மலையில் உருகும் பனி ஆறாகப் பெருகி, உள்நாட்டு ஏரியொன்றில் விழும். அல்லது மணலிலும் சேற்றிலும் மறைந்துவிடும். பரப்பளவோ ஏறக்குறைய 286,000 சதுர கிலோமீற்றர். அதில் நூற்றுக்கு எண்பது வீதமான நிலம் சமஷ்டி அரசின் கையில் இருக்கிறது.

பாலை என்றதும் வெறுமை என்று கொள்வது வெளியிலிருந்து வருபவரின் பார்வை. அங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். வடக்கிலும் தெற்கிலும் பையூட் மக்கள், கிழக்கே மேற்கு ஷொஷோனியர், தாஹோ ஏரிப் பக்கத்தில் வாஷோ மக்கள். இலையுதிர் காலத்திலே மலைச்சரிவுகளில் பினியொன் பைன் மரத்தின் கொட்டைகளைத் திரட்டி, குளிர்காலத்துக்குச் சேமித்து வைப்பார்கள். முயல் தோலைக் கீற்றுகளாக்கிப் போர்வை பின்னுவார்கள். வில்லோக் கொம்பினால் கூடை முடைந்து, அதற்குப் பைன் பிசின் பூசித் தண்ணீர்க் குடமாக்குவார்கள். நீர் அரிதான நிலத்தில், கூடையிலே நீர் சுமக்கக் கற்றவர்கள் அவர்கள். வாஷோ இனத்தவரான டாட் சோ லா லீ என்ற பெண்மணி முடைந்த கூடைகள் இன்று நூதனசாலைகளில் கலைச் செல்வங்களாகப் பேணப்படுகின்றன. 1925 இல் அவர் காலமானார்.

1848 இல் மெக்சிக்கோவுடனான போரின் முடிவில் இந்தப் பிரதேசம் ஐக்கிய அமெரிக்காவின் வசமாயிற்று. 1859 இல் கொம்ஸ்டொக் என்னும் வெள்ளிப் படிவு வெளிப்பட்டது. மலைச்சரிவிலே வேர்ஜீனியா சிற்றி என்ற நகரம் திடீரென எழுந்தது. உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியிருந்தது. லிங்கனின் கட்சிக்கு ஆதரவான மாநிலமொன்று அவசரமாகத் தேவைப்பட்டது. தபாலில் அனுப்பினால் தாமதமாகும் என்பதால், நெவாடாவின் அரசியல் யாப்பு முழுவதையும், பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களையும், தந்தி மூலம் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அதற்கான செலவு 4,300 டொலருக்கும் மேல். 1864 ஒக்டோபர் 31 ஆம் திகதி நெவாடா முப்பத்தாறாவது மாநிலமாகியது.

இவ்வாறு சொற்களினால் அவசரமாக உருவாக்கப்பட்ட மாநிலத்திலே, யாருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது, யாருடைய சொல்லுக்கு மதிப்பு இருக்கவில்லை? இதனை விளங்கிக்கொள்ள இரண்டு நூல்களை நாம் அருகருகே வைத்து நோக்க வேண்டும்.

முதலாவது நூலை எழுதியவரை நீங்கள் நன்கறிவீர்கள். 1861 இல் சாமுவேல் கிளெமென்ஸ் என்ற இளைஞர், நெவாடாப் பிரதேசத்தின் செயலாளராக நியமிக்கப்பட்ட தமது தமையனாருடன் அங்கு வந்து சேர்ந்தார். வெள்ளி தேடினார், கிடைக்கவில்லை. 1862 இல் வேர்ஜீனியா சிற்றியில் வெளிவந்த 'ரெறிற்றோரியல் என்ரர்பிறைஸ்' என்னும் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். கல்லாகிப்போன மனிதனொருவன் கண்டெடுக்கப்பட்டதாக ஒரு கற்பனைச் செய்தியை அதில் எழுதினார். பலர் அதை உண்மையென்றே நம்பிவிட்டார்கள். 1863 பெப்ரவரியில் அதே பத்திரிகையிலேதான் 'மார்க் ட்வெய்ன்' என்ற புனைபெயர் முதன்முதலாக அச்சேறியது. இந்த அனுபவங்களைத் திரட்டி 1872 இல் 'றஃபிங் இற்' என்ற நூலை அவர் வெளியிட்டார். சுரங்க வேட்கை மனிதரை ஆட்டிப்படைத்த விதத்தை அந்நூலில் வாய்விட்டுச் சிரிக்கும்படி சொல்லியிருக்கிறார்.

ஆயினும் அந்நூலில் ஒரு குறை உண்டு. அந்தப் பாலையின் சுதேச மக்களைப் பற்றி வருமிடத்து ட்வெய்னின் நகைச்சுவை இரக்கமற்றதாகி விடுகிறது. கோஷூட் மக்களை மனிதரிற் கடைப்பட்டவர்கள் என்ற தோரணையில் அவர் வருணித்துள்ளார். பிற்காலத்தில் அடிமைமுறைக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் எதிராக எழுதிய அதே பேனாதான் இதையும் எழுதிற்று. பெரிய எழுத்தாளரின் கண்ணிலும் காலத்தின் புகை படியக்கூடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இரண்டாவது நூல் 1883 இல் பொஸ்டனில் வெளிவந்தது. 'லைஃப் அமங் த பையூட்ஸ்' என்பது அதன் தலைப்பு. பையூட் மக்களிடையே வாழ்வு, அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், அவர்களின் உரிமைக் கோரிக்கைகள் என்று தலைப்பு விரிகிறது. எழுதியவர் சாரா வின்னமுக்கா. அமெரிக்கச் சுதேசப் பெண்ணொருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளிவந்த முதல் நூலாக இதனைக் கருதுவர். ஏறக்குறைய 1844 இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் தொக்மெற்றொனி. அது ஒரு பூவின் பெயர். பையூட் பெண்பிள்ளைகள் பலருக்குப் பூக்களின் பெயரே சூட்டப்பட்டது என்றும், வசந்தகாலத்துப் பூவிழாவில் ஒவ்வொருத்தியும் தன் பூவைப் பற்றித் தானே பாடி ஆடுவாள் என்றும் அவர் எழுதுகிறார்.

அவருடைய பாட்டனார் ட்ரக்கி. ஆதியில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் தமக்குள் சண்டையிட்டதால், வெள்ளை நிறத்தவர் ஒரு புறமும் கரிய நிறத்தவர் ஒரு புறமுமாகப் பிரிக்கப்பட்டனர் என்பது அவர்களின் பழங்கதை. ஆகவே வெள்ளையர் வந்தபோது, பிரிந்துபோன சகோதரர் திரும்பி வந்துவிட்டனர் என்றே அந்தக் கிழவர் மகிழ்ந்தார். படை அதிகாரி ஃபிறெமொன்றுக்காகக் கலிபோர்ணியாவில் போரும் செய்தார். அதற்கு நன்றியாகக் கிடைத்த கடிதத்தைக் 'கந்தல் நண்பன்' என்று அழைத்து, உயிரினும் மேலாகப் பாதுகாத்தார். தூரதேசத்துக்குப் பேசும் வல்லமை அந்தத் தாளுக்கு உண்டென்று வியந்தார். தம்மைப் புதைக்கும்போது அதனைத் தமது மார்பில் வைக்கும்படி கேட்டுக்கொண்டார் என்கிறது நூல்.

நூலின் தொடக்கத்திலேயே நம்மை உலுக்கிவிடும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வெள்ளையர் மனிதரைக் கொன்று தின்கிறார்கள் என்ற வதந்தி பரவிய காலம். ஓடி ஒளிய முடியாத நிலையில், சாராவின் தாயும் உறவுக்காரப் பெண்ணொருத்தியும் தத்தம் மகள்மாரைக் கழுத்தளவு மண்ணிற் புதைத்து, முகத்தில் வெயில் படாதபடி செடிகளை நட்டு மறைத்துவிட்டுப் போகிறார்கள். பகல் முழுவதும் அந்தக் குழந்தைகள் அப்படியே கிடக்கிறார்கள். இரவானதும் வந்து தோண்டி எடுக்கிறார்கள். இதனைச் சாரா அலங்காரமின்றியே சொல்கிறார். கேட்டவர் நெஞ்சில் அது ஆறாமல் நின்றுவிடுகிறது.

மொழிகள் பல கற்ற சாரா, இராணுவத்துக்கும் அரச முகவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளரானார். அவருடைய வாழ்வின் துயரம் இங்குதான் இருக்கிறது. அதிகாரிகள் வாக்குறுதி அளிப்பார்கள், அவர் அதைத் தம் மக்களின் மொழியிலே சொல்வார், வாக்குறுதி பொய்த்துப்போகும். பொய் சொன்னவள் சாராவே என்று அவருடைய மக்கள் நினைப்பார்கள். 1878 இல் நிகழ்ந்த பனொக் போரின் பின்னர், போரில் சேராதவர்களும் அடங்கலாக ஐந்நூறுக்கு மேற்பட்ட பையூட் மக்களைக் கடுங்குளிரிலே, பனியினூடாக, ஏறக்குறைய 350 மைல் தொலைவிலுள்ள யாக்கிமாவுக்குக் கொண்டு சென்றார்கள். பலர் வழியிலும் அங்கும் மாண்டனர். 1880 இல் வாஷிங்டன் சென்று உள்நாட்டு அமைச்சரான கார்ல் ஷேர்ஸைச் சாரா சந்தித்தார். அவர்கள் ஊர் திரும்பலாம் என்று எழுத்திலேயே உத்தரவு கிடைத்தது. அந்த உத்தரவு நிறைவேற்றப்படவில்லை. அதனை நம்பிக்கையோடு வாசித்துக் காட்டிய சாராவையே மக்கள் மறுபடியும் குற்றஞ்சாட்டினர். இரண்டு மொழிகளுக்கு நடுவே நிற்பவர், இரண்டு பக்கத்தின் அடியையும் தாங்க வேண்டியிருக்கிறது.

அவரது நடத்தையைப் பற்றி அவதூறு பரப்பவும் அதிகாரிகள் தயங்கவில்லை. அதனால் நூலின் பின்னிணைப்பாக, படை அதிகாரிகள் தமக்களித்த நற்சான்றுக் கடிதங்களை அவர் சேர்க்க நேர்ந்தது. பாட்டனார் தம் 'கந்தல் நண்ப'னைச் சுமந்தார். பேத்தியும் கடிதங்களைச் சுமந்தார். தன் சொல் உண்மை என்பதற்கு மற்றவர் கையெழுத்து வேண்டியிருந்த ஒருத்தியின் நிலையை நேயர்கள் எண்ணிப் பாருங்கள். நூலின் முடிவில் காங்கிரசுக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பம் ஒன்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. வாசகர் படித்து வருந்தினால் மட்டும் போதாது, கையொப்பமும் இட வேண்டும் என்பது அதன் நோக்கம். பின்னர் லவ்லொக் என்னும் இடத்தருகே, பையூட் மொழியிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கும் பாடசாலையொன்றைச் சாரா நடத்தினார். பிள்ளைகளைத் தாய்மொழியிலிருந்து பிரிப்பதே அரச கொள்கையாக இருந்த காலத்தில் இது பெரும் துணிச்சல். பணமின்றி அது மூடப்பட்டது. 1891 இல் சாரா காலமானார்.

அவர் காலத்திலேயே இன்னொரு பையூட் குரலும் எழுந்தது. 1889 ஜனவரி முதலாந் திகதி சூரியகிரகணத்தின்போது வொவொக்கா என்பவர் ஒரு தரிசனம் கண்டார். சண்டை செய்யாதீர்கள், உழைத்து வாழுங்கள், வட்டமாக நின்று ஆடுங்கள், இறந்தவர் மீள்வர் என்று போதித்தார். ஆவி நடனம் எனப்பட்ட அந்த வழிபாடு மலைகளையும் சமவெளிகளையும் கடந்து பரவிற்று. அதனைக் கண்டு அஞ்சிய அரசு படைகளை அனுப்ப, 1890 டிசெம்பர் 29 இல், டகோட்டாவிலுள்ள வூண்டட் நீ என்னுமிடத்தில் லகோட்டா மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். சமாதானத்தைப் போதித்த ஒருவரின் சொல், கேட்டவரின் அச்சத்தினால் போர்முழக்கமாகத் திரிக்கப்பட்டது.

இனி நீரின் கதைக்கு வருவோம். பையூட் மக்களின் பிரமிட் ஏரியை நிரப்புவது ட்ரக்கி ஆறு. சாராவின் பாட்டனார் பெயரையே அது தாங்கியிருக்கிறது. 1905 இல் அந்த ஆற்றிலே டெர்பி அணைக்கட்டு அமைக்கப்பட்டு, நீரின் பெரும்பகுதி வேறு பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைகளுக்குத் திருப்பப்பட்டது. பிரமிட் ஏரியின் மட்டம் ஏறத்தாழ 80 அடி தாழ்ந்தது. அதன் அயலே இருந்த வின்னமுக்கா ஏரி முற்றாக வற்றிப்போயிற்று. ஏரியில் வாழ்ந்த பெரிய ட்றவுட் மீனினம் 1940களில் அங்கிருந்து அற்றுப்போனது. மக்கள் நீதிமன்றங்களை நாடினார்கள். தோற்றும் வென்றும் போராடினார்கள். 1990 இல் காங்கிரஸ் ஓர் இணக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. தொலைவிலுள்ள ஒரு மலையோடையில் தப்பிப் பிழைத்திருந்த அதே மீனினத்தின் சந்ததி மீண்டும் ஏரியில் விடப்பட்டுப் பெருகி வருகிறது.

நிலத்தின் கதையும் இத்தகையதே. மேற்கு ஷொஷோனியர் 1863 இல் றூபி பள்ளத்தாக்கு உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். வழிவிட இசைந்தார்களே தவிர, நிலத்தைக் கொடுத்துவிட இசையவில்லை. 1979 இல் 26 மில்லியன் டொலர் அவர்கள் பெயரில் வைப்பிலிடப்பட்டது. அவர்கள் அதைத் தொட மறுத்தனர். எனினும், வைப்பிலிட்டதே கொடுத்ததாகும் என 1985 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவர்கள் தமதென்று கோரும் அந்த நிலத்திலேதான் 1951 முதல் 1992 வரை 928 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தப்பட்டன. வெறும் பாலைதானே என்ற எண்ணம் என்னவெல்லாம் செய்யத் துணிகிறது, பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டு நெவாடா எழுத்தில் இருவரையேனும் குறிப்பிட வேண்டும். வோல்ட்டர் வான் ரில்பேர்க் கிளார்க் 1940 இல் எழுதிய 'த ஒக்ஸ்-போ இன்சிடென்ற்', விசாரணையின்றி மூவரைத் தூக்கிலிடும் கும்பலின் கதை. தவறென்று தெரிந்தும் வாய்திறவாத நல்லவர்களின் குற்றமே அதன் கரு. றொபேர்ட் லக்ஸோல்ற் 1957 இல் எழுதிய 'ஸ்வீற் பிறொமிஸ்ட் லாண்ட்', பாஸ்க் நாட்டிலிருந்து வந்து நெவாடா மலைகளில் செம்மறியாடு மேய்த்த தம் தந்தையைப் பற்றியது. பல தசாப்தங்களின் பின் பிறந்த மண்ணுக்குச் செல்கிறார் அந்த முதியவர். உறவுகள் அணைத்துக்கொள்கின்றன; ஆனால் தமது வாழ்வு இப்போது அந்தப் பாலையில்தான் என்பதை அங்கே உணர்கிறார். ஊர் என்பது பிறந்த இடமா, உழைத்த இடமா என்ற கேள்விக்கு அந்நூல் அமைதியாக விடை தேடுகிறது.

அன்பான நேயர்களே, 2005 இல் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் மாளிகையில் நெவாடாவின் சார்பாகச் சாரா வின்னமுக்காவின் சிலை நிறுவப்பட்டது. ஒரு கையில் அவர் பெயருக்குரிய பூ. மறு கையில் அவர் எழுதிய நூல். உயிரோடிருக்கையில் அவர் சொல்லை நம்ப மறுத்த தலைநகரத்திலேயே இன்று அந்தச் சிலை நிற்கிறது. சிலை வைப்பது எளிது. அந்நூலைத் திறந்து படிப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. ட்வெய்னைப் படித்துச் சிரித்தவர்கள் சாராவையும் படிக்க வேண்டும். இரண்டையும் படித்த பின்னரே அந்தப் பாலையின் முழு முகம் நமக்குத் தெரியவரும். நமது மொழிபெயர்ப்பாளர்கள் எவரேனும் அந்நூலைத் தமிழிலே தர முன்வருவாராயின், அது நல்லதொரு பணியாக அமையும்.