கொக்கோவும் கறுவாவும்



மார்கழி, தை மாதங்களில் மலைநாட்டில் தங்கியிருந்தவர்களுக்கு, விடியற்காலையில் சூடான பானம் ஒன்று கைக்கு வருவதன் அருமை தெரியும். கோப்பியும் தேநீரும் நம் வீடுகளில் நெடுங்காலம் பழகிப்போனவை. கொக்கோவோ இன்னும் பேணியில் அடைபட்டு வரும் விருந்தாளியாகவே இருக்கின்றது. ஆனால் அந்த மரம் மாத்தளையிலும் கண்டியிலும் குருநாகலிலும் நம்மவர் வளவுகளிலேயே நிற்கின்றது. 1869 இல் இலங்கையின் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றிய பின்னர், தோட்டக்காரர் தேயிலையோடும் சிங்கோனாவோடும் நாடிய பயிர்களுள் கொக்கோவும் ஒன்று. அக்கொட்டையிலிருந்தே தொடங்கி, நம் சரக்குகளையும் சேர்த்து, வீட்டிலேயே பானம் ஆக்கும் முறையைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன்.

என் பெரியம்மாவின் வீடு மாத்தளையில் இருக்கின்றது. முதன்முறை அங்கு சென்று காய்களை உடைத்தபோது, விதைகளை நன்றாகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வறுத்து இடித்தேன். பானம் பச்சைப் பாக்கைப்போல் துவர்த்தது. பெரியம்மா சிரித்தார். "தோசை மாவைப் புளிக்க விடுகிறாயல்லவா, பிள்ளை? இதை மட்டும் ஏன் விடவில்லை?" என்றார்.

சூட்சுமம் அங்கேதான் இருக்கின்றது. ஒரு காயில் முப்பது, நாற்பது விதைகள், வெண்மையான இனிப்புச் சதை மூடியபடி இருக்கும். அச்சதையைக் கழுவுதல் கூடாது. வாழையிலை விரித்த கூடையில் விதைகளைக் குவித்து, மேலும் இலையால் மூடி, ஐந்தாறு நாட்கள் வைத்தல் வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். சதை புளித்துக் குவியலின் உள்ளே 45 பாகை வரை சூடேறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை முளைக்கும் ஆற்றலை இழந்து, துவர்ப்புக் குறைந்து, பின்னர் மணமாக மாறவேண்டியவை உள்ளே உருவாகின்றன. நான்கைந்து காய்களின் விதை இதற்குப் போதாது. குவியல் சிறிதானால் சூடு பிடிக்காது. பின்னர் ஒரு வாரம் வெயில். காய்ந்த கொட்டையைப் பிளந்து பாருங்கள்: உள்ளே ஊதாவாக இருந்தால் புளிப்புப் போதவில்லை, கபில நிறமானால் சரி. மரம் இல்லாதவர்கள் உலர்ந்த கொட்டையை வாங்கும்போதும் இவ்வாறே சோதித்துக்கொள்ளலாம்.

இனி வேலை எளிது. தாச்சியில் மெல்லிய நெருப்பில் ஏறக்குறைய 20 நிமிடம் கை விடாது வறுக்க, தோல் வெடித்து மணம் எழும். ஆறுமுன் தோலை நசுக்கிச் சுளகிற் புடைத்துவிடலாம். எஞ்சும் பருப்பு 100 கிராமுக்கு, விரல் நீளக் கறுவா ஒன்று, வேர்க்கொம்பு சிறு துண்டு, மிளகு ஆறு, ஏலம் மூன்று. இவற்றைத் தனியே இடித்து அரிதட்டில் அரித்துக்கொள்ளுங்கள். கறுவா நம் நாட்டு மெல்லிய பட்டையாக இருத்தல் நன்று. தடித்த அயல்நாட்டுப் பட்டையிலே ஈரலுக்கு ஆகாத கூமரின் என்னும் பொருள் மிகுதி. நமதில் அது மிகக் குறைவு.

அம்மியை முன்னரே வெயிலிற் காயவிடுங்கள். பருப்பின் நிறையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பாதலால், இளஞ்சூட்டில் அரைக்க அரைக்கத் தூள் தானே இளகிக் களியாகும். ஒரு சொட்டு நீரும் சேர்த்தல் ஆகாது. சரக்குத் தூளைக் கலந்து சிறு உருண்டைகளாகப் பிடித்து, ஈரமற்ற போத்தலில் இட்டு வையுங்கள். ஒருவருக்கு இரண்டு தேக்கரண்டி அளவு உருண்டையை ஒரு கோப்பை நீரிலும் சிறிது பாலிலும் கரைத்து, ஒரு சிட்டிகை அரிசி மாவும் இட்டுக் கொதிக்கவைத்து, மத்தினால் நுரை எழக் கடையுங்கள். கோப்பியிலும் குறைவாயினும் இதிலும் கஃபீன் உண்டு. ஆகவே சிறுவருக்கு இரவில் கொடாதிருப்பது நல்லது.

இனிப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

என் ஐயாவுக்கு நீரிழிவு. இப்பானத்தை அவருக்குக் காய்ச்சிக் கொடுத்த முதல் மாதத்தில் நான் சீனியைத் தொடவில்லை, பனங்கட்டியே இட்டேன். "பனங்கட்டிதானே பிள்ளை, அது ஒன்றும் செய்யாது" என்று அவரும் சொன்னார், நானும் நம்பினேன். காலையும் மாலையும் குடித்தார். அடுத்த பரிசோதனையில் இரத்தத்தில் சர்க்கரை நன்றாக ஏறியிருந்தது. பனங்கட்டியாயினும் கித்துள் வெல்லமாயினும் அதன் பெரும்பகுதி நாம் அஞ்சும் அதே சீனிதான். சுவையும் நிறமும் வேறு, அவ்வளவே. மூலிகைப் பானம் என்ற பெயர் என் கண்ணை மறைத்துவிட்டது. குற்றம் கொக்கோவினுடையதன்று; மத்திய அமெரிக்காவின் பழங்குடியினர் இதை மிளகாய் இட்டுக் கடைந்து குடித்தவர்கள். கரும்புச் சீனி இதனுள் புகுந்தது ஐரோப்பியர் கைக்குப் போன பின்னரே.

கொக்கோ இருதயத்துக்கு நல்லதென்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதிலுள்ள பிளவனோல் என்னும் பொருளை நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வீதம் முதியோர்க்குக் கொடுத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வொன்று 2022 இல் வெளியாயிற்று. இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட அதில், இருதய நோய்கள் மொத்தத்தில் தெளிவாகக் குறையவில்லை. அந்நோய்களால் நேர்ந்த இறப்புகள் மட்டும் குறைந்து காணப்பட்டன. அதுவும் சீனியற்ற குளிசையினால். பேணியில் வரும் கருநிறத் தூள்களுட் பல, நீரிற் கரைவதற்காகக் காரம் ஊட்டப்பெற்றவை. அதனால் அப்பொருள் பெரிதும் குன்றிவிடுகின்றது. ஆகவே இது நல்லதொரு பானம், மருந்தன்று. மருத்துவர் தந்த குளிசையை இதற்காக நிறுத்துவோர் எவரேனும் இருப்பின், தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள்.

ஐயாவின் கோப்பையில் இனிப்பை ஒரேயடியாக நிறுத்தவில்லை. வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் குறைத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தார். கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதும் உண்டு. இப்பொழுது பனங்கட்டியைக் கேட்பதில்லை. கறுவா போதாது என்றுதான் சொல்கின்றார்.