கேட்டு வாங்கிய சேவையே நிலைக்கும்

செல்போன் நிறுவனங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பேசுவதிலிருந்தும் இணையத்திலிருந்தும் என்று உடனே சொல்லிவிடுவோம். பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் மூன்றாவதாக ஒரு வருமானமும் உண்டு. காலர் டியூன், கிரிக்கெட் ஸ்கோர், ராசிபலன், பக்திப் பாடல், சந்தை விலை, வானிலை, பணம் அனுப்பும் வசதி என்று பேச்சுக்கும் இணையத்துக்கும் மேலே தரப்படுபவை இவை. மதிப்புக்கூட்டுச் சேவைகள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். இந்த வருமானத்தை நிறுவனங்கள் எப்படிப் பெருக்கிக்கொள்ளலாம் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அது அவர்கள் கவலை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அந்தப் பணம் நம் பேலன்ஸிலிருந்து போகிறது. நாம் தெரிந்து கொடுத்தால் நல்ல சேவைகள் வளரும். நமக்குத் தெரியாமல் போனால் ஏமாற்று வேலை வளரும்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்தில் ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் வரை ஆனது. நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். 2003-ல் உள்வரும் அழைப்பு இலவசமானது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, பேசுவதற்கென்று தனிக் கட்டணம் வாங்குவதே ஏறக்குறைய நின்றுபோனது. பேச்சின் விலை இப்படி இறங்க இறங்க, வேறு எதில் சம்பாதிப்பது என்ற கேள்வி நிறுவனங்களுக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அந்தக் கேள்விக்கு முதலில் கிடைத்த பெரிய பதில் காலர் டியூன். 2002-ல் தென்கொரியாவின் எஸ்கே டெலிகாம் நிறுவனம் இதைத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2004-ல், ஏர்டெல் 'ஹலோ ட்யூன்ஸ்' என்ற பெயரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மாதம் 30 ரூபாய் அளவில் வாடகை, பாட்டுக்குத் தனி விலை. காசு கொடுத்தவர் அந்தப் பாட்டைக் கேட்பதில்லை, அவரை அழைப்பவர்தான் கேட்கிறார். ஆனாலும் மக்கள் விரும்பி வாங்கினார்கள். புதுப்படப் பாட்டு, சாமி பாட்டு, தலைவர் பாட்டு என்று தம் விருப்பத்தை ஊருக்குச் சொல்ல அது ஒரு வழியாக இருந்தது. திருட்டு சிடி காலத்தில் வருமானம் இழந்து நின்ற இசை நிறுவனங்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. சிறு தொகையை லட்சக்கணக்கானோரிடம் சிக்கலில்லாமல் வசூலிக்க செல்போன் நிறுவனத்தால் முடியும் என்பதை காலர் டியூன் காட்டியது.

ஆனால் அந்த எளிமையே பிறகு தவறாகப் பயன்பட்டது. திரையில் திடீரென்று ஒரு செய்தி வந்து நிற்கும். அதை அகற்றலாம் என்று ஓகே பொத்தானை அழுத்தினால், கேட்காத ஒரு சேவைக்குச் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். மறுநாள் பேலன்ஸில் 30 ரூபாய் குறைந்திருக்கும். 50 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு அது பாதிக்கு மேல். அதை நிறுத்த எந்த எண்ணுக்கு என்ன அனுப்ப வேண்டும் என்பது ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களும் வயதானவர்களும் ரீசார்ஜ் கடைக்காரரிடம் போனை நீட்டி, "தம்பி, காசு எங்கே போச்சுன்னு கொஞ்சம் பாருப்பா" என்று கேட்டு நின்றார்கள்.

புகார்கள் குவிந்ததும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2011 ஜூலையில் உத்தரவு போட்டது. 2013 ஜூலையில் அதை இன்னும் இறுக்கியது. ஒரு சேவையைத் தொடங்க வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் தர வேண்டும். இரண்டாவது சம்மதம் வந்த பிறகுதான் காசு எடுக்கலாம். கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு, நிறுத்துவது எப்படி என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். வேண்டாத சேவையை நிறுத்த எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற இலவச எண்ணும் வந்தது.

அந்த விதிகளால் தங்கள் வருமானம் சரிகிறது என்று துறையில் இருந்தவர்கள் முறையிட்டார்கள். அந்த முறையீட்டை நாம் ஆழ்ந்து பார்க்க வேண்டும். இரண்டாவது முறை கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிற ஒருவர், முதல் முறையும் மனதாரச் சம்மதித்தவர் அல்ல. அவரிடமிருந்து வந்த காசு ஒருநாள் நிற்கப் போகிற காசுதான். அதோடு போவதில்லை. ஏமாந்தவர் அடுத்து வரும் எல்லாச் செய்தியையும் சந்தேகப்படுவார். பேலன்ஸில் அதிகப் பணம் வைக்கமாட்டார். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதியும் 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்துவிட்டது. 30 ரூபாய்க்காக ஒரு வாடிக்கையாளரையே இழப்பது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவிலும் ராசிபலன், ரிங்டோன் போன்ற சேவைகளுக்கு மாதம் 9.99 டாலர் வீதம் பலருடைய பில்லில் அவர்கள் அறியாமலே ஏறியது. 2014 அக்டோபரில் ஏடி அண்ட் டி நிறுவனம் இது தொடர்பான வழக்கில் 10.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தக் கட்டணத்தில் குறைந்தது 35 சதவீதத்தை அந்த நிறுவனம் தன் பங்காக எடுத்துக்கொண்டது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அடுத்த சில மாதங்களில் நாட்டின் மற்ற மூன்று பெரிய நிறுவனங்களும் கோடிக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் நேர்மையாக, நிறைய சம்பாதித்தவர்கள் யார்? இரண்டு நாடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது ஜப்பான். 1999 பிப்ரவரியில் என்டிடி டோகோமோ நிறுவனம் ஐ-மோட் என்ற சேவையைத் தொடங்கியது. ஸ்மார்ட்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சிறிய திரையில் வங்கிக் கணக்கு, ரயில் நேரம், செய்தி, விளையாட்டு, மின்னஞ்சல் எல்லாம் கிடைத்தன. அந்தப் பக்கங்களைத் தயாரித்தவர்கள் வெளி நிறுவனங்கள். மாதத்துக்கு 300 யென் வரை அவர்கள் கட்டணம் வைக்கலாம். அதை டோகோமோ தன் பில்லோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கும். அதற்கு அது எடுத்துக்கொண்ட கூலி 9 சதவீதம். மீதி 91 சதவீதம் தயாரித்தவருக்கே போனது. உழைப்புக்குப் பலன் கிடைக்கும் என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் புதிய சேவைகளோடு வந்தார்கள். மக்கள் அவற்றை அதிகம் பயன்படுத்தப் பயன்படுத்த, தரவுக் கட்டணமாக டோகோமோவுக்கும் வருமானம் கூடியது. சில ஆண்டுகளில் சந்தாதாரர்கள் 4 கோடியைத் தாண்டினார்கள். தன் பங்கைச் சிறிதாக வைத்ததால் மொத்த வருமானம் பெரிதானது. இந்தியாவில் அதே காலத்தில் பெரும்பங்கு செல்போன் நிறுவனத்துக்கும் சிறுபங்கு தயாரித்தவருக்கும் என்றுதான் ஒப்பந்தங்கள் இருந்தன. அந்தச் சிறுபங்கில் நல்ல சேவையை உருவாக்க யாருக்குத்தான் ஊக்கம் வரும்?

இரண்டாவது கென்யா. அங்கே சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் எம்-பெசாவைத் தொடங்கியது. முதலில் சிறுகடன் வாங்கியவர்கள் தவணை கட்டுவதற்காகத்தான் அதை நினைத்தார்கள். சோதனை முயற்சியின்போது மக்கள் அதை வேறுவிதமாகப் பயன்படுத்தினார்கள். ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். நிறுவனம் அதைக் கவனித்தது, திட்டத்தையே மாற்றியது. நகரத்தில் வேலை செய்பவர் ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப, பேருந்து ஓட்டுநரையோ ஊருக்குப் போகும் உறவினரையோ நம்பியிருந்த நாடு அது. இப்போது தெருமுனைக் கடையில் பணத்தைக் கட்டினால், ஊரில் உள்ள கடையில் அம்மா வாங்கிக்கொள்ளலாம். சாதாரண பட்டன் போன் போதும். அனுப்பும் தொகைக்கு ஏற்ற கட்டணம் முன்கூட்டியே தெரியும். கடைக்காரருக்கும் கமிஷன் உண்டு. இன்று சஃபாரிகாமின் சேவை வருமானத்தில் 40 சதவீத அளவு எம்-பெசாவிலிருந்து வருகிறது. 2016-ல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, இந்த வசதியால் கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம் வறுமையிலிருந்து மீண்டதாகக் கணக்கிட்டது. மக்களுக்கும் நன்மை, நிறுவனத்துக்கும் வருமானம். இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதே எம்-பெசாவை வோடஃபோன் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. 2019-ல் அதை மூட முடிவெடுத்தார்கள். இங்கே வங்கி விதிகள் வேறு. 2016-ல் யுபிஐ வந்ததும் பணம் அனுப்பக் கட்டணமே இல்லை என்றாகிவிட்டது. ஒரு நாட்டில் வென்றதை அப்படியே நகல் எடுப்பதில் பயனில்லை. கென்யாவிடம் நாம் கற்க வேண்டியது, மக்கள் எதற்குத் தவிக்கிறார்கள் என்று கவனித்துப் பார்க்கும் பழக்கம்தான்.

நம் மக்கள் இன்று எதற்குத் தவிக்கிறார்கள்? மூன்று இடங்களைச் சொல்வேன்.

முதலில், மோசடியிலிருந்து பாதுகாப்பு. நம் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால், வங்கியின் ஓடிபி அவருக்குப் போய்விடும். கணக்கில் இருக்கும் சேமிப்பு பறிபோகலாம். ஓர் எண்ணின் சிம் எப்போது மாற்றப்பட்டது என்பது செல்போன் நிறுவனத்துக்குத் தெரியும். பெரிய தொகை வெளியேறும் முன் வங்கி அதைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். இதுபோன்ற சரிபார்ப்புகளை உலகம் முழுவதும் ஒரே முறையில் வழங்க, செல்போன் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2023 பிப்ரவரியில் 'ஓபன் கேட்வே' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. இதற்குக் காசு கொடுப்பது வங்கி, காப்பாற்றப்படுவது நம் பணம். வருங்காலத்தில் பெரிய வருமானம் இந்த வழியில் வரக்கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது, குரல்வழிச் சேவை. எல்லோராலும் குறுஞ்செய்தியைப் படிக்க முடியாது, ஆனால் தம் மொழியில் சொன்னால் கேட்டுக்கொள்ள முடியும். இஃப்கோ உரக் கூட்டுறவு நிறுவனமும் ஏர்டெலும் சேர்ந்து 2007-ல் உருவாக்கிய இஃப்கோ கிசான் சஞ்சார், விவசாயிகளின் செல்போனுக்கு அவரவர் மொழியில் வானிலை, சந்தை விலை, பயிர்ப் பராமரிப்பு பற்றிக் குரல் செய்திகளை இலவசமாக அனுப்பியது. இதில் லாபம் எங்கே என்றால், அந்த விவசாயி அந்த சிம்மை விடமாட்டார். வாடிக்கையாளர் தங்கிவிட்டால் அதுவே வருமானம். 2016 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கிய கில்காரி திட்டத்தில், கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகள் தாய்க்குப் போகின்றன. தாய் காசு கொடுப்பதில்லை, செலவை அரசு ஏற்கிறது. இப்படிக் கட்டணத்தை அரசோ கூட்டுறவு நிறுவனமோ ஏற்கும் வழிகளை நிறுவனங்கள் தேடிப் போக வேண்டும்.

ஒரு சேவையைக் கொடுத்தால் மட்டும் போதாது, பலன் கிடைத்ததா என்று பார்க்கவும் வேண்டும். மகாராஷ்டிரத்தில் விவசாயிகள் குறுஞ்செய்தியில் சந்தை விலை பெற்றார்கள். அதை ஆராய்ந்தவர்கள், அவர்களுக்குக் கிடைத்த விலை சராசரியில் குறிப்பிடும்படி உயரவில்லை என்று கண்டார்கள். விலை தெரிந்தாலும், சரக்கை வேறு சந்தைக்கு ஏற்றிப்போக வண்டியும் நேரமும் பணமும் வேண்டுமே. அதற்கும் வழி காட்டும் சேவைக்குத்தான் விவசாயி தொடர்ந்து காசு கொடுப்பார்.

மூன்றாவதாக, சிறு வியாபாரிகள். தையல் கடை, பேக்கரி, மெக்கானிக் ஷெட், டியூஷன் சென்டர் ஆகியவற்றுக்கு, வாடிக்கையாளர் அழைத்தபோது எடுக்க முடியாமல் போன அழைப்பெல்லாம் போன வியாபாரம். கடைக்கென்று ஒரே எண், எடுக்காவிட்டால் தமிழில் ஒரு பதில், விட்டுப்போன அழைப்புகளின் பட்டியல், உதவியாளர் போனுக்குத் தானாக மாறும் வசதி என்று கொடுத்தால், மாதம் ஒரு தொகையை அவர்கள் மனமுவந்து தருவார்கள். அந்தச் சேவை அவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்கும் இந்த வசதி, சின்னக் கடைக்காரர் கைக்கு எட்டும் விலையில் வர வேண்டும்.

நேயர்களே, நம் பக்கத்திலும் சில வேலைகள் உண்டு. பேலன்ஸ் காரணமின்றிக் குறைந்தால் அந்தச் சிறு தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, என்ன சேவைக்கு எடுத்தீர்கள் என்று கேளுங்கள். வேண்டாதது என்றால் நிறுத்தச் சொல்லுங்கள், காசைத் திருப்பிக் கேளுங்கள். வீட்டில் பெரியவர்களின் போனையும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொடுங்கள். நல்ல சேவை கிடைத்தால் அதற்குரிய காசைக் கொடுக்கவும் தயங்க வேண்டாம்.

நிறுவனங்களுக்குச் சொல்ல விரும்புவது இது. சேவையில் சேர்வது எவ்வளவு எளிதோ, விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்கட்டும். கட்டணத்தைத் தமிழில், முன்கூட்டியே சொல்லுங்கள். தயாரித்தவருக்கு நியாயமான பங்கு கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தெரிந்தும் ஒருவர் மாதாமாதம் காசு கட்டுகிறார் என்றால், அந்தச் சேவை அவருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர்களைச் சேர்க்கிற நிறுவனத்துக்கு, பேச்சின் விலை இன்னும் இறங்கினாலும் வருமானத்துக்குக் குறைவிருக்காது.