வேடனும் வெறுங்கையும்



திருவரங்குளத்துக் காட்டோரத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, காடை பிடிக்கும் முதியவர் ஒருவரைக் கண்டதுண்டு. காடையின் குரலும் மேயும் இடமும் நன்கறிந்தவர். ஆயினும், சிறிது பொழுது தவறினாலோ, காலடியில் ஒரு சருகு நொறுங்கினாலோ, அவர் வலை வெறுமையாகவே மீளும். மறுநாள் விடியுமுன் மீண்டும் புறப்படுவார். 1972-இல் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இன்று அவ்வேட்டை குற்றமாகும். அது நன்றே. ஆயினும், அவ்வலை கற்பித்த பாடம் பழையதாகிவிடவில்லை.

சங்ககாலச் சோழவேந்தன் கோப்பெருஞ்சோழன், தன் மைந்தரோடு பகை மூண்டபின், வடக்கிருந்து உயிர்துறக்கத் துணிந்தான். அவ்வேளையில் அவன் பாடியது புறநானூற்றின் 214-ஆம் பாட்டு. நல்வினை செய்யலாமா என்று ஐயுற்றுத் தயங்குவோருக்கு அவன் வேட்டையையே சான்றாகக் காட்டுகிறான். களிற்றைத் தேடிப் போனவன் அதனைப் பெற்று வரலாம். சின்னஞ்சிறு காடையைத் தேடியவனோ ஏமாந்து திரும்பவும் கூடும் என்பது அவன் கருத்து.

எளியதை நாடியோர் தவறியதையும், அரியதை நாடியோர் வென்றதையும் என் ஆசிரியப் பணியில் பலகால் கண்டிருக்கிறேன். மாறாக நிகழ்ந்ததும் உண்டு. கிடைப்பது நம் வசத்தில் இல்லை. எதை நாடுவது என்பது மட்டுமே நம் வசத்தில் உள்ளது. சிறியதை நாடினாலும் தோல்வி நேருமெனில், பெரியதை நாட அஞ்சுவானேன்?